இரண்டாவது படிவம்

ரிஸ்மியா எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தபோது பின்னேரம் நான்கு மணி இருக்கும். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் இன்னொன்று. அதற்குள் மகள் ஸஹ்ராவின் பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடச் சான்று. நனையாமல் வந்தவை அந்தக் கடதாசிகள் மட்டும்தான். ரிஸ்மியாவின் முந்தானையும் செருப்பும் சொட்டிக்கொண்டிருந்தன.

"மிஸ், நீங்களே எழுதிடுங்க. எனக்குப் பேனையப் புடிச்சாலே கை நடுங்குது."

நான் எழுதினேன். முழுப்பெயர், முகவரி, தோற்றிய பாடங்கள், பெற்ற சித்திகள். ரிஸ்மியா என் தோளுக்கு மேலால் ஒவ்வொரு வரியையும் பார்த்துத் தலையாட்டினார்.

நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் வந்தது. விடுதி வசதி தேவையா? ஆம், இல்லை.

"இது ஹொஸ்டலுக்கா மிஸ்?"

"ஹொஸ்டல் வேணுமான்னு கேட்டிருக்கு."

"தாங்க, இத நான் போடுறேன்."

பேனையை வாங்கினார். 'ஆம்' என்பதற்குப் பக்கத்தில் அவர் போட்ட அடையாளம் கட்டத்தை விட்டு வெளியே ஓடியது.

"பரவாயில்லையா மிஸ்?"

"பரவாயில்ல."

கடதாசிகளை அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து கேட்டார்: "இவ்வளவுதானே? வேற என்ன சரி அனுப்பணுமா?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் நான்கு சொற்களில் முடிந்துவிடும். அந்த நான்கு சொற்கள் எப்படி வாயில் வந்தன என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகியின் முறைப்பாடு

இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு வாசகி ஆசிரியருக்கு எழுதியிருந்தார். "இவருடைய நினைவுகளில் பணிப்பாளர் தவறு செய்கிறார், அதிபர் தவறு செய்கிறார், அலுவலகச் சிற்றூழியர்கூடத் தவறு செய்கிறார். இவர் மட்டும் முப்பத்து மூன்று வருடம் தவறே செய்யவில்லையா?"

நியாயமான முறைப்பாடு. கல்வி அலுவலகத்தில் நான் செய்த தவறுகள் கோப்புகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தக் கடிதம், அதன் கீழே என் சுருக்கொப்பம். அவற்றை எழுதினால் வாசகருக்குத் தூக்கம் வரும். வீட்டில் செய்ததற்குக் கோப்பு இல்லை. அதை எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டில் வாசகர் நலனே முக்கியம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மாத்தளையில் எங்கள் தெருவில் எனக்கு 'மிஸ்' என்று பெயர். நான் யாருக்கும் படிப்பித்தவள் அல்ல. ஆனால் யார் வீட்டுக்கு ஒரு படிவம் வந்தாலும் அது முதலில் என் சாப்பாட்டு மேசைக்கு வரும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, முதலாம் தரத்துப் பிள்ளையின் பாடசாலை அனுமதி, மின்சார மீட்டரின் பெயர் மாற்றம். அலுவலகம் விட்டு வந்து பிளேன்டீ குடிப்பதற்குள் வாசலில் ஒருவர் நிற்பார். எனக்கு அலுப்பாக இருந்ததாக வெளியில் காட்டிக்கொள்வேன். உண்மையில் அதில் எனக்கிருந்த பெருமையைக் கண்டி வீதி நெடுகக் காய வைத்திருக்கலாம்.

வேனில் யார் பக்கத்தில் யார்

என் மகள் தாரணியும் ரிஸ்மியாவின் மகள் ஸஹ்ராவும் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே பாடசாலை, ஒரே வேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். ஸஹ்ராவின் வாப்பா சந்தைப் பக்கத்தில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அந்த வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்தால் கராம்பு மணக்கும். சில நாட்களில் என் மகளின் தலைமுடியும் மணக்கும்.

பதின்மூன்று வயது வரைக்கும் தாரணி எனக்கு ஒரு நாளாந்த அறிக்கை தருவாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன், அவள் அடுப்படி வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொல்வாள். இன்றைக்கு வேனில் யார் யாரோடு கோபம், யார் பக்கத்தில் யார் உட்கார மறுத்தார்கள், விஞ்ஞான டீச்சர் எத்தனை முறை 'கவனிங்க பிள்ளைகள்' என்றார். நான் பாதியைத்தான் கேட்பேன். மற்றப் பாதியில் அடுத்த நாள் அலுவலகக் கூட்டத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று யோசிப்பேன். அந்தப் பாதிகளை இன்று திருப்பித் தருவார்களானால் எந்த அலுவலகக் கரும்பீடத்திலும் வரிசையில் நிற்பேன்.

பதினான்கு வயதில் அறிக்கை நின்றது. அறிவித்தல் எதுவும் இல்லை. ஒரு நாள் நான் வெங்காயத்தோடு காத்திருந்தேன், அவள் நேராக அறைக்குப் போனாள்.

"என்ன மகள், இன்னைக்கு ஸ்கூல்ல?"

"ஒன்னுமில்லம்மா."

அந்த 'ஒன்னுமில்ல'வைப் பின்னேரம் மதிலடியில் ஸஹ்ராவிடம் ஒரு மணித்தியாலம் சொல்வாள். இந்தப் பக்கம் ஒரு கல்லில் இவள் ஏறி நிற்பாள், அந்தப் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்து அவள் நிற்பாள். முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, நான் உடுப்புக் காயப்போட வந்தால் மௌனம். என் கொடிக்கு அந்த மதிலைத் தவிர வேறு இடமில்லை. ஒரு வாரத்தில் நான் எத்தனை தடவை உடுப்புக் காயப்போட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பேச்சும் மாறியது. "அத செல்லுங்கம்மா" என்றாள் ஒரு நாள். எங்கள் வீட்டில் நாங்கள் 'சொல்லுங்க' என்போம். 'செல்லுங்க' மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு, அங்கே 'இருக்க' என்பதும் 'ஈக்க' ஆகிவிடும். நான் திருத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், உத்தியோகபூர்வக் கடிதத்தில் பிழை பிடித்த கனிஷ்ட எழுதுநரைப் பார்க்கும் சலிப்பு இருந்தது.

தேரன்று

அந்த வருட மாசி மகத்தன்று அம்மன் தேர் பெரிய தெருவில் வந்துகொண்டிருந்தது. அதுவரை ஒவ்வொரு வருடமும் தாரணி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். கூட்டத்தில் தொலைந்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. அவள் அல்ல, நான் தொலைந்துவிடுவேனோ என்று.

அந்த முறை தோழிகளோடு போவதாகச் சொன்னாள். சரி என்றேன். மோர்ப் பந்தலுக்கு எதிரே நான் நிற்க, அவர்கள் ஆறு பேர் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். தாரணி என்னைக் கண்டாள். கண்டது எனக்குத் தெரியும், அவள் கண் என் கண்ணில் ஒரு நொடி நின்றது. பிறகு தேரின் உச்சியைப் பார்க்கத் தொடங்கினாள். அந்த உச்சியில் அப்போது ஒன்றுமில்லை, ஒரு காகம்கூட இல்லை.

கடைப்படியில் ஏறித் தேர் பார்த்துக்கொண்டிருந்த ஸஹ்ராதான் கையை உயர்த்தி, "மிஸ்! இங்க வாங்க, இங்க நல்லா தெரியும்!" என்று கத்தினாள்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அவள் மேல்தான் கோபம் வந்தது. என் மகளிடமிருந்து வரவேண்டிய குரலை இவள் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மிச்சத்தைத் தருகிறாள் என்று தோன்றியது. நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்குப் பதினான்கு வயதுப் பிள்ளை மேல் வரக்கூடாத ஒன்று வந்தது. அதற்குப் பெயர் பொறாமை. அன்று நான் வைத்த பெயர் 'கவலை'.

என் கணவரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாவுலயில் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை. கிழமைக்கு ஐந்து நாள் பஸ்ஸில் போய்வந்தவர் என்பதால் எதற்கும் அவசரப்பட்டதில்லை.

"இஞ்சாரப்பா, பிள்ளை வளருது. நீர் என்ன, அவளிட்ட விளக்கக் கடிதம் கேக்கிறீர்?"

"என்னக் கண்டுட்டு முகத்தத் திருப்புறா."

"உம்மைக் கண்டா நானே சில நேரம் திருப்புறனான். அதுக்கு என்ன செய்யிறது?"

வஹகோட்டைக்குப் போன நாள்

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வயது எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பதினைந்து வயதில் நான் வஹகோட்டைக் கத்தோலிக்கத் தேவாலயத் திருநாளுக்குப் போனேன். வீட்டில் சொன்னது கணித வகுப்பு. கூட வந்தவர்கள் வகுப்புத் தோழிகள் மூன்று பேர், அதில் ஒருத்திதான் கத்தோலிக்கப் பிள்ளை. என்னோடு சேர்த்து மற்ற மூவரும் பக்தியால் போகவில்லை, சேர்ந்து போவதற்காகப் போனோம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கோயில் வளவில் மனிதத் தலைகளும் மெழுகுதிரிப் புகையும். எனக்கு அன்று என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. இந்த மூன்று பேரும் என்னை விட்டுவிட்டு எங்கும் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அம்மா அப்பாவுக்காக வேண்டிக்கொள்ள நினைவே வரவில்லை.

திரும்பி வந்தபோது பாவாடையில் மெழுகு. கணித வகுப்பில் மெழுகுதிரி ஏற்றுவதில்லை. அம்மா பாவாடையை வாங்கினார், பார்த்தார், ஒரு பழைய பத்திரிகைத் தாளை அதன் மேல் வைத்து இஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினார். மெழுகு தாளுக்கு ஏறியது. தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டார். "சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான். சாகும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் பட்டதாரி, நிர்வாகப் பரீட்சைகளில் சித்தியடைந்தவள். எதையும் கேட்காமல் விடக்கூடாது என்று எனக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது.

மாசத்துக்கு ஒருக்கா

சாதாரண தரப் பெறுபேறு இரண்டு பேருக்கும் நன்றாக வந்தது. இருவருக்கும் உயிரியல் படிக்க ஆசை. அவர்கள் படித்த பாடசாலையில் அடுத்த இரண்டு வருட உயர்தர வகுப்பில் அந்தப் பிரிவு இல்லை. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருந்தது.

ஸஹ்ராவுக்கு ஒரு சிக்கல். பஸ் ஏறினால் வாந்தி. வழியிலுள்ள அக்குறணை வருவதற்குள் பிள்ளை மஞ்சளாகிவிடுவாள். ரயிலில் போனாலும் இறங்கி மறுபடி பஸ். கண்டியில் சொந்தக்காரரும் இல்லை. அவளுடைய வாப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பிள்ள ஒவ்வொரு நாளும் சத்தி எடுத்துட்டுப் போய் என்னத்தப் படிக்கிற? ஹொஸ்டல் கெடச்சா போகட்டும். கெடைக்காட்டி இங்கயே வேற ஏதாச்சும் படிக்கட்டும்."

தாரணிக்கு அது செய்தியாகவே இல்லை, திட்டமாக மாறியது. அவளும் விடுதியில் நிற்பாள். மதிலடியில் பட்டியல் தயாரானது. வாளி ஸஹ்ரா, கேத்தில் தாரணி, கண்ணாடி ஸஹ்ரா, கொசுவலை இரண்டு பேரும்.

நான் காயப்போட வந்த ஈர உடுப்போடு கொடிச் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"வீட்டுக்கு எப்ப எப்ப வாறது?" இது ஸஹ்ரா.

"மாசத்துக்கு ஒருக்கா போதும்டி." இது என் மகள்.

"எனக்கு உம்மாவக் காணாம ஒரு கெழமைக்கு மேல ஈக்க ஏலா."

"எனக்கு ஏலும்."

ஒரு பிள்ளை தோழிக்கு முன்னால் வீரம் பேசினாள். வேறொன்றுமில்லை. வஹகோட்டைக்குப் போனவளுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவங்களை வாங்கி வந்தது நான்தான். அலுவலக வேலையாகக் கண்டிக்குப் போனபோது அந்தப் பாடசாலைக்கும் போய் இரண்டு படிவம் எடுத்தேன். அவற்றோடு அறிவுறுத்தல் தாள் ஒன்றும் தந்தார்கள். அதன் கடைசிப் பந்தியில் இருந்தது இது: விடுதிக்கு விண்ணப்பிப்போர் விடுதிப் பொறுப்பாளருக்குச் சுயமுகவரியிட்ட உறை அனுப்பித் தனிப் படிவம் பெற வேண்டும். அதை நிரப்பிப் பத்து நாட்களுக்குள் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும். அனுமதிப் படிவத்தின் நான்காம் பக்கத்துக் கட்டம் வெறும் தகவலுக்காக. அதில் 'ஆம்' போட்டாலும் ஒன்று, பூப்போட்டாலும் ஒன்று.

கண்டி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே அந்தப் பந்தியை இரண்டு முறை வாசித்தேன். பிறகு தாளை நான்காக மடித்துக் கைப்பையின் உள் அறையில் வைத்தேன். கிழிக்கவில்லை. ஆவணத்தைக் கிழிப்பவள் அல்ல நான். அன்று அது ஒரு நேர்மை போலவே எனக்குத் தோன்றியது.

நான்கு சொற்கள்

ஆக, ரிஸ்மியா கேட்டார்: "இவ்வளவுதானே? வேற என்ன சரி அனுப்பணுமா?"

தாரணியின் படிவம் பக்கத்தில் இருந்தது. அதிலும் 'ஆம்' என்றுதான் போட்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அழுத்தமாக, அழகாகப் போட்டேன்.

"ஃபோம் நல்லா இருக்கு ரிஸ்மியா," என்றேன்.

கவனியுங்கள், பொய் இல்லை. படிவம் நன்றாகத்தான் இருந்தது. கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்வியின் பதிலைக் கொடுப்பது அலுவலகத்தில் நாங்கள் நாள்தோறும் செய்வது. முறைப்பாட்டோடு வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

ரிஸ்மியாவும் நன்றி சொன்னார். அடுத்த நாள் ஒரு தட்டு நிறைய வட்டலாப்பம் வந்தது. சாப்பிட்டோம்.

பத்து நாட்கள் போயின. அந்தப் பத்து நாளும் காலையில் கைப்பையைத் தூக்கும்போது அந்தத் தாள் உள்ளே இருப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு உறை, ஒரு முத்திரை, மதிலுக்கு மேலால் ஒரு சத்தம் போதும். ஐந்தாம் நாள் சத்தம் போடுவதற்காக மதிலடி வரைக்கும் போனேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அனுமதிக் கடிதம் இரண்டு பேருக்கும் வந்தது. விடுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரிஸ்மியா ஓடி வந்தார். நான் மேன்முறையீடு எழுதினேன். மூன்று பந்தி, மருத்துவச் சான்றிதழ் இணைப்பு. என் பணிக்காலத்தில் அவ்வளவு உருக்கமான மேன்முறையீட்டை வேறு யாருக்கும் எழுதவில்லை. முடிவுத் திகதி கடந்த விண்ணப்பம் ஏற்கப்படாது என்பது எனக்குத் தெரியும், ஆகவே தாராளமாக உருக முடிந்தது. வருந்துகிறோம் என்று பதில் வந்தது.

ஸஹ்ரா மாத்தளையிலேயே வர்த்தகப் பிரிவில் சேர்ந்தாள். தாரணி அதிகாலை பஸ்ஸில் கண்டிக்குப் போனாள். பின்னேரம் ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு நாளும் வந்தாள். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது.

"ஒங்களுக்கா தெரியாது?"

இரண்டாம் கிழமையோ மூன்றாம் கிழமையோ. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தாரணி அறைக்குப் போகாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. சந்தோஷத்தில் என் கையில் வெட்டுக்கத்தி நின்றது.

"அம்மா, ஹொஸ்டலுக்கு வேற ஃபோம் இருந்திச்சாம். ஹொஸ்டல் பிள்ளைங்க சொன்னாங்க."

"அப்படியா?"

"அந்தக் கட்டம் சும்மாவாம். ஒங்களுக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த மிக நல்ல சந்தர்ப்பம் அது. அவளாகவே வந்து நின்று, நேராகக் கேட்ட கேள்வி.

"தெரியாதே மகள்," என்றேன்.

"ஒங்களுக்கா தெரியாது?"

"சில ஸ்கூல்ல அவங்க அவங்க பாட்டுக்கு ஒரு நடைமுறை வச்சிருப்பாங்க."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரியாத நடைமுறை ஒன்று உண்டு என்பதை நம்பக்கூடியவர் அந்தத் தெருவிலேயே யாருமில்லை. அவள் நம்புவதாவது? அத்தனை வருடமும் நான் பெருமையோடு சேர்த்து வைத்தது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கெதிரான சாட்சியாக நின்றது.

"சரி," என்றாள்.

கத்தவில்லை, கதவை அடிக்கவில்லை. அதன் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தது. ஆம். இல்லை. பொருந்தாது. பல்கலைக்கழக விண்ணப்பத்தைக்கூட கடைத் தெருவில் ஒரு கணினி நிலையத்தில் யாரையோ வைத்து நிரப்பினாள். இரண்டு இடத்தில் பிழை. என்னிடம் காட்டவில்லை.

மதிலடிக் கல்லும் வெறுமையாகிப் போனது. தாரணி களைத்து வரும் நேரம் ஸஹ்ராவுக்கு வகுப்பு. அவளுக்குக் கண்டித் தோழிகள், இவளுக்கு வர்த்தகப் பிரிவுத் தோழிகள். பெருநாளுக்கு ஒரு தட்டு, தீபாவளிக்கு ஒரு தட்டு. இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும் என்று என் கணவர் சொன்னார். அவருக்கு இந்தக் கதை தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஸஹ்ராவின் வீட்டில்

இதை எழுதுவதற்கு முன் ஸஹ்ராவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன கிழமை பக்கத்து வீட்டுக்குப் போனேன். ரிஸ்மியா இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் மௌத்தானார். அவரிடம் சொல்ல எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தது, நடுவில் ஒரு மதில்தான் இருந்தது. சொல்லவில்லை.

ஸஹ்ரா இப்போது நாவுலப் பக்கம் ஓர் ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஸ்கூட்டரில் போகிறாள். தானே ஓட்டினால் வாந்தி வருவதில்லையாம்.

"வாங்க மிஸ். இரிங்க, பிளேன்டீ ஊத்துறேன்."

"டீ பொறகு பார்ப்போம். ஒன்னு சொல்லணும் ஸஹ்ரா. பேப்பர்ல எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி ஒன்கிட்டச் சொல்லணும்."

கதிரையை இழுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "ஹொஸ்டல் ஃபோமா?"

நான் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"தாரணி ஒங்கக்கிட்ட கேட்டாளே, அண்டைக்கே தெரியும். மதிலடிக்கு வந்து அழுதா. நீங்க தெரியாதுன்னு சென்னீங்களாம். 'எங்கம்மாக்குத் தெரியாத ஃபோம் ஒன்னு இந்த மாத்தளையிலேயே இல்ல'ன்னு செல்லிச் செல்லி அழுதா."

"உம்மாக்கு?"

"உம்மாக்குச் செல்லல்ல. நான் செல்லத்தான் போனேன், அவதான் வேணாம்னா. 'ஒங்க உம்மா எங்கம்மாவ நம்பிட்டு ஈக்கிறாங்க, பாவம்'னா. பாவம்னது உம்மாவையா ஒங்களையான்னு நான் கேக்கல்ல."

மதிலடியில் அவர்கள் முணுமுணுத்ததெல்லாம் என்னை வெளியே தள்ளத்தான் என்று நான் நினைத்திருந்த காலம் அது. பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே நின்று, என் மானத்தை எப்படிக் காப்பாற்றுவதென்று கூட்டம் கூடியிருக்கிறார்கள்.

"ஒனக்குக் கோவம் வரல்லையா?"

"ஈந்திச்சே. ஒரு வருஷம் மட்டுக்கும் ஒங்களக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிப் போயிடுவேன். நீங்க கவனிக்கல்ல."

கவனித்திருந்தேன். வயசு என்று குறித்துக்கொண்டு விட்டிருந்தேன்.

"நீ டொக்டராகியிருப்ப ஸஹ்ரா."

"எங்க மிஸ்! கெமிஸ்ட்ரி எனக்கு வரவே வராது. அத நெனச்சு நீங்க கவலப்பட வேணாம்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல ஈந்திருப்போம். அது மட்டும்தான்."

பிளேன்டீ ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

தாரணி கொழும்பில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அழைப்பு எடுப்பாள். சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, கிளினிக் எப்ப. ஏழு, எட்டு நிமிடம்.

"ஸஹ்ரா வீட்டுக்குப் போனேன்," என்றேன்.

"தெரியும். மெசேஜ் போட்டா."

"நான் அன்னைக்கு ஒன்கிட்டப் பொய் சொன்னேன் மகள்."

"ம்."

"கோவமா?"

"அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா கத்தியிருப்பேன்மா. ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். பொறகு சரியாயிருக்கும்."

"இப்பக் கத்தேன்."

"இப்ப எப்படிம்மா கத்துறது? ஒங்களுக்கு பிரஷர். எனக்கு விடிஞ்சா வேலை."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "இருங்கம்மா, இங்க மழை சாரலடிக்குது, ஜன்னலச் சாத்திட்டு வாறேன்," என்று தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டுப் போனாள்.

காதில் வைத்தபடியே இருந்தேன். ஜன்னல் கொக்கி விழும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தி அவளிடம் என்னவோ கேட்டாள். என் மகள் பதில் சொல்லத் தொடங்கினாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் ஒருவருடைய குரலைப் போலப் பேசிக் காட்டினாள், மற்றவள் சிரித்தாள், இவளும் சிரித்தாள், மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.